பதினாலாம் நம்பரின் மகள்கள்

சந்தேகப்படுவது என் பிறவிக் குணம். பால்காரன் என் கண்ணெதிரே கறந்தாலும் சொம்பைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். குருக்கள் விபூதி கொடுத்தால் முகர்ந்து பார்ப்பேன். வேலை முடிந்து நான் கள்ளிக்குப்பத்துக்கு வந்து சேர்ந்ததும் என் மனைவி கன்னியம்மாள் தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டே தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். "இன்னா, இன்னிக்கு யாரை சந்தேகப்பட்டே?" நானும் சளைக்காமல் பதில் சொல்வேன். பெரும்பாலும் ஒரு பெயரோடு நிற்காது.

1943. ஆவடியில் ராணுவ முகாம் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டிருந்தது. முத்தாபுதுப்பேட்டை ஓரத்தில் தபால் புறாக்களுக்கென்று நீளமாக ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். தந்திக் கம்பி அறுந்தாலும் சேதி போய்ச் சேர வேண்டுமாம். அங்கே நான் வளையக் குமாஸ்தா. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் அதன் காலில் அலுமினிய வளையத்தை மாட்டி, எந்த ஜோடிக்குப் பிறந்தது, என்ன நம்பர் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். நாள் தவறினால் கால் பருத்துவிடும், வளையம் ஏறாது. ஏறிய வளையம் சாகிறவரை இறங்காது. கொட்டகை நின்றது என் மாமனார் எங்களுக்குக் கொடுத்த நிலத்தில் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கார் எடுத்துக்கொண்டது. நெல் விளைந்த மண்ணில் நான் புறா எச்சத்தை மிதித்துக்கொண்டு நடந்தேன்.

புறாக்களைப் பார்த்துக்கொண்டவர் பூந்தமல்லி அப்துல் முத்தலிப். தொழில் தகர விளக்கு செய்வது, உயிரை வைத்திருந்தது புறா வளர்ப்பதில். முகாம் வந்த புதிதில், சுற்றுவட்டாரத்தில் யாரும் புறா வளர்க்கக் கூடாது, இருப்பதையெல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்கள். தூரத்தில் விட்டால் வீடு திரும்பும் ஜாதியைப் பட்டாளம் வைத்துக்கொண்டது. விசிறி வால், கொண்டை, குட்டை மூக்கு என்று அழகுக்கு வளர்ப்பதையெல்லாம் கோணியில் போட்டுக் கொன்றார்கள். முத்தலிப் கொண்டுவந்த முப்பதில் தேறியது ஒரே ஒரு ஆண் புறா. சாம்பல் உடம்பு, நீண்டு நேரான அலகு. தாய், தகப்பன் இரண்டுமே கல்கத்தா பந்தயப் புறா என்று அவர் சொன்னதை நான்தான் எழுதிக்கொண்டேன். அதற்குப் பதினாலாம் நம்பர் வளையம் போட்டார்கள். புறா தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லாததால் அவரையும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

பதினாலாம் நம்பரைப் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெட்டையோடு ஜோடி சேர்த்தார்கள். முதல் ஈட்டில் இரண்டு குஞ்சு, இரண்டும் அப்பனை உரித்து வைத்தவை. இரண்டாவது ஈட்டில்தான் வினை வந்தது. வளையம் மாட்டி ஒரு வாரம் கழித்துப் பார்க்கிறேன், ஒரு குஞ்சுக்கு அலகு சரியாக நீண்டிருக்கிறது. இன்னொன்றுக்கு முகத்தில் கொண்டைக்கடலையை ஒட்டியது போல இத்தனூண்டு மூக்கு. அப்பன் அலகும் நீளம், ஆத்தாள் அலகும் நீளம். இது எங்கேயிருந்து வந்தது?

எனக்குப் பொறி தட்டியது. வளையம் மாட்டுவதற்கு முந்திய ஏழு நாளில் யாரோ குஞ்சை மாற்றியிருக்கிறார்கள். பட்டாளத்துக் குஞ்சு சட்டைக்குள் ஒளிந்து பூந்தமல்லிக்குப் போயிருக்கும், அங்கிருந்து ஏதோ கழிசடை இங்கே வந்திருக்கும். மறுநாள் மறைந்து நின்று பார்த்தேன். குட்டை மூக்குக் குஞ்சுக்குத் தாயின் தொண்டைக்குள் அலகை நுழைத்து வாங்கத் தெரியவில்லை. முத்தலிப் ஊறவைத்த கடலையை மென்று, குஞ்சின் முகத்தைத் தன் உதட்டோடு சேர்த்து ஊட்டினார். கை நடுங்கவில்லை, ஒரு பருக்கை சிந்தவில்லை. பிறந்ததிலிருந்தே ஊட்டிப் பழகாமல் இந்த வித்தை எப்படி வரும்? பழக்கப்பட்ட குஞ்சு, அவர் வீட்டுக் குஞ்சு என்று முடிவு கட்டினேன். நேராகச் சுபேதாரிடம் போய் நின்றேன்.

சுபேதார் நாகேந்திரன் வேலூர்க்காரர். அதிகம் பேச மாட்டார். நான் திருட்டு என்று நினைத்ததை அவர் அதற்கு மேலாக நினைத்தார். பட்டாளத்து ஜாதிப் பறவை வெளியே யார் வீட்டிலோ வளர்கிறது என்றால், பிறகு அதை முகாமுக்குள் கொண்டுவந்து காலில் எதைக் கட்டி விட்டாலும் அந்த வீட்டுக்கே போய்ச் சேரும். யுத்தகாலச் சட்டப்படி ஜெயில், எத்தனை வருஷம் என்று மேலே இருக்கிற துரைதான் சொல்ல வேண்டும் என்றார். இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

முத்தலிப்பைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "அல்லா மேல ஆணை சார், அந்தக் குஞ்சு இங்கதான் பொறந்துச்சு. நான் மாத்தல" என்றார். அப்படியானால் மூக்கு ஏன் இப்படி என்று சுபேதார் கேட்டதற்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? எனக்குச் சந்தேகம் தீர்ந்து நிச்சயமே ஆகிவிட்டது.

சோதனையைச் சொன்னவனும் நான்தான். அதே ஜோடியைத் தனிக் கூண்டில் போட்டுப் பூட்டுவது. சாவி என் அரைஞாணில் இருக்கும். தீனியும் தண்ணீரும் நானே வைப்பேன், கொட்டகையிலேயே படுப்பேன். முத்தலிப் அந்தப் பக்கமே வரக் கூடாது. இரண்டு குஞ்சும் நீள மூக்கோடு வந்தால் முன்னே நடந்தது திருட்டு. சுபேதார் தலையாட்டினார். முத்தலிப்தான், பெட்டையை வேறு ஆணோடு ஜோடி போட்டுப் பாருங்கள் சார், பதினாலாம் நம்பர் வேண்டாம் என்று கெஞ்சினார். அந்தக் கெஞ்சலையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அவரைச் சமையல்கூடத்தில் விறகு பிளக்க அனுப்பி, ஒரு சிப்பாயைக் காவல் போட்டார்கள்.

முட்டையிட்டுப் பொரிக்க ஒரு மாதம் ஆனது. பொரித்த அன்றே இரண்டு குஞ்சின் காலிலும் சிவப்பு நூல் கட்டினேன், ஏழாம் நாள் வளையம் மாட்டினேன். ஒரு ஈயும் எனக்குத் தெரியாமல் உள்ளே போகவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் குஞ்சுகளைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றின் தீனிப்பை புடைத்திருந்தது. மற்றது கையில் எடையே தெரியாமல் துவண்டு கிடந்தது. அதன் முகத்தைத் திருப்பினேன். கொண்டைக்கடலை மூக்கு.

அரைஞாணைத் தடவினேன். சாவி இருந்தது. பூட்டு இருந்தது. கம்பிவலை முழுவதையும் விரலால் தடவிப் பார்த்தேன், ஓட்டை இல்லை. நடுவில் ஒருநாள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. சிப்பாயிடம் சொல்லிவிட்டு ஓடினேன். நான் குளிக்கும்போது சாவியைத் தொட்டாயா என்று கன்னியம்மாளைக் கேட்டேன். "ஆமா, உன் புறாவை வந்து பாத்துட்டுப் போலாம்னு பூட்டைத் தொறந்தேன். இனிமே என் நிழலை வேணா சந்தேகப்படு, ஊடு தாங்காது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது குஞ்சு வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தது. செத்தால் சாட்சி போய்விடும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நினைக்கவில்லை. ஊறிய கடலையை மென்று, முத்தலிப் செய்ததைப் போலவே அதன் முகத்தை என் உதட்டோடு வைத்துக்கொண்டேன். முதலில் சிந்தியது. மூன்றாவது வாய் உள்ளே போனது. நிமிர்ந்தால் வாசலில் சுபேதார் நின்றுகொண்டிருந்தார்.

"நல்லா பழகிட்டே போலக்கீதே" என்றார்.

சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டார். என்னிடம். எல்லா நாளுமா? எல்லா நாளும். முத்தலிப் உள்ளே வந்தாரா? வரவில்லை. அப்படியானால் இந்தக் குஞ்சைக் கொண்டுவந்தது யார்? தரையைப் பார்த்தேன். தரையைப் பார்க்கிறேன் என்பது தெரிந்ததும் எனக்கே என் மேல் பயம் வந்தது. சுபேதார் கொட்டகையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "இது உன் நெலம்தானே? பட்டாளம் எடுத்துகிச்சுன்னு உனக்கு வயித்தெரிச்சல் இல்லாமலா இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார். அன்று மாலையே நாங்கள் இருவரும் ஒரே அறையில் அடைபட்டோம்.

முத்தலிப் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். குஞ்சு தின்றதா என்று மட்டும் கேட்டார். தின்றது என்றேன். முதலில் சிந்தும், பிறகு சரியாகிவிடும் என்றார். அப்புறம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஜெயிலுக்குப் போனால் கன்னியம்மாள் என்ன செய்வாள் என்று நான் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் விசாரணைக்கு முகாமின் மாட்டு டாக்டர் வரதனையும் வரவழைத்திருந்தார் சுபேதார். என்னைத்தான் முதலில் கேட்டார்கள். சாவி, பூட்டு, நூல் என்று சொன்னதையே சொன்னேன். யாரும் நம்பவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. நம்பாத முகம் எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அப்போது முத்தலிப் ஓரடி முன்னே வந்தார்.

"சார், இந்த ஆளு மேல தப்பு இல்ல. இவரு சொல்றது எல்லாம் நெசம். நான்தான் பொய் சொன்னேன். பதினாலாம் நம்பரோட தகப்பன்தான் கல்கத்தா. தாய் குட்டை மூக்கு. எங்க ஊட்டுல எம் பொண்ணு மஹ்பூபா மடியிலயே வளந்தது. அதை நீங்க என் கண்ணெதிர கோணியில போட்டீங்க. புள்ளையாவது பொழைக்கட்டும்னு மாத்திச் சொன்னேன். இனிமே ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன்."

சுபேதார் நம்பவில்லை. குட்டை மூக்குக்குப் பிறந்தது நீள மூக்கோடு இருக்கிறது, அதன் குஞ்சுக்கு மறுபடி குட்டையா என்று கேட்டார். புறா வளர்க்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான் என்றார் முத்தலிப். தலைமுறை தலைமுறையாக, இருப்பதில் குட்டையானதாகப் பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்து உண்டாக்கிய மூக்கு அது. குட்டை மூக்குத் தாய்க்கும் நீள மூக்குத் தகப்பனுக்கும் பிறக்கிற ஆண்பிள்ளைக்கு முகத்தில் ஒன்றும் தெரியாது, ரத்தத்தில் ஒளிந்திருக்கும். அவன் நீள மூக்குப் பெட்டையோடு சேர்ந்தால், பிறக்கிற மகள்களில் பாதிப் பேருக்கு மூக்கு வெளியே வரும். மகன்களுக்கு வராது, சிலரிடம் மறுபடி ஒளிந்துகொள்ளும். மூக்கு நீண்டிருக்கிற மகளிடம் அந்த ரத்தம் துளியும் இல்லை. "குட்டை மூக்கு ரெண்டுமே பெட்டைதான் சார். வேணும்னா அறுத்துப் பாருங்க" என்று முடித்தார்.

டாக்டர் வரதன் அதுவரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜீன் என்று ஒன்று இருக்கிறது, தாயும் தகப்பனும் குழந்தைக்குக் கொடுக்கும் குறிப்பு அது, இன்ன உறுப்பு இன்ன மாதிரி வளர வேண்டும் என்று உள்ளே இருந்து சொல்லும் என்றார். பறவைகளில் அப்படிச் சில குறிப்புகளைத் தகப்பன்தான் மகளுக்குக் கொடுக்க முடியும், தாயால் முடியாது. மகனுக்கு இரண்டு பேரும் கொடுப்பதால் ஒன்று கெட்டாலும் மற்றது மறைத்துவிடும், மகளுக்கு மறைக்க ஆள் இல்லை. கோழியின் வரி இறகில் இதைக் கல்லூரியில் படித்திருக்கிறார், புறா மூக்கில் இன்றுதான் கேட்கிறாராம். "இந்த பாய் படிக்காமலே சொல்றார்" என்றார்.

இரண்டையும் அறுத்துப் பார்த்தார்கள். இரண்டும் பெட்டை. முந்தின நாள் என் உதட்டிலிருந்து தின்றதும் அதில் ஒன்று. நான் வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தவனைக் காப்பாற்ற ஒருவர் தன் புறாவைக் காட்டிக் கொடுத்துவிட்டார். நான் சந்தேகப்பட்டது வீண் இல்லை, அவர் எதையோ மறைத்தது உண்மைதான். அதுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

மேலிடத்து உத்தரவு வர இரண்டு வாரம் ஆனது. என்னைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். முத்தலிப்புக்கு ஜெயில் இல்லை. அன்றைக்கே முகாமை விட்டுப் போக வேண்டும், இனி எங்கேயும் புறா வைத்திருக்கக் கூடாது. பதினாலாம் நம்பரையும் அதன் ஆண் வாரிசுகள் எல்லாவற்றையும் கொல்ல வேண்டும். எதனிடம் ஒளிந்திருக்கிறது என்று தெரியாததால் எல்லாம்தான். நீள மூக்குப் பெட்டைகளை ஜோடி சேர்க்காமல் சேதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கடைசி வேலையாக முத்தலிப்பே பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து ஆணா பெட்டையா என்று சொல்வார், நான் பதிவேட்டில் எழுதுவேன், சிப்பாய் கோணியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சுபேதார் பக்கத்தில். பதினாலாம் நம்பரை முத்தலிப் தானே கோணியில் விட்டார், நெற்றியில் ஒரு தரம் ஊதிவிட்டு. முதல் ஈட்டில் ஒன்று பெட்டை, கூடைக்குப் போனது. ஒன்று ஆண், கோணி. இரண்டாவது ஈட்டில் நீள மூக்கு, ஆண், கோணி. மிச்சம் இருந்தது சோதனைக் கூண்டில் பிறந்த நீள மூக்குக் குஞ்சு ஒன்றுதான். ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த வயதில் ஆண் பெண் சொல்ல ஆண்டவனால்தான் முடியும் என்பார்கள். முத்தலிப்பால் முடியும்.

குஞ்சைப் புரட்டி, வயிற்றடி எலும்பை விரலால் தொட்டுப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். இனிமேல் பொய் சொல்ல மாட்டேன் என்று அவர் சொன்னது எனக்கு நினைவு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும்.

"ஆணு" என்றார்.

நான் எழுதினேன். எழுதியதை உரக்கப் படித்தேன். "நூற்றிரண்டு, பெட்டை."

சுபேதார் திரும்பினார். "அவன் ஆணுன்றான்."

"அவரு பேச்சை நம்பாதீங்க சார். தன்னுது எல்லாம் போச்சு, நமக்கு ஒண்ணும் மிஞ்சக்கூடாதுன்னு சொல்றாரு. இது பொறந்ததிலேர்ந்து நான் பாத்துகினு கீறேன். பெட்டைதான்."

சுபேதார் என்னைப் பார்த்தார், பிறகு முத்தலிப்பைப் பார்த்தார். "இவன் பொய் சொல்றான்னு மொதல்ல வந்து நின்னவன் நீதானே."

"ஆமா சார். இப்பவும் அதைத்தான் சொல்றேன்."

முத்தலிப் வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்க்காமல் கையை நீட்டினேன். அவர் வாயை மூடிக்கொண்டு குஞ்சை என் உள்ளங்கையில் வைத்தார். அதன் நெஞ்சு என் விரல்களுக்கு நடுவே அடித்துக்கொண்டது. சுபேதார் கூடையைக் காட்டினார். நான் உள்ளே விட்டு மூடினேன். முத்தலிப் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பூந்தமல்லிச் சாலைப் பக்கம் நடந்தார். சலாம்கூடச் சொல்லவில்லை. வளைவில் மட்டும் ஒருமுறை நின்றார்.

இன்னும் நாலு மாதம் போனால் அது கழுத்தைப் புடைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிக் குனுகும். பெட்டை அப்படிச் செய்யாது. எங்கே கொண்டுபோய் விட்டாலும் இந்தக் கொட்டகைக்குத்தான் திரும்பி வரும், அதன் புத்தி அது. அன்றைக்குச் சுபேதார் பக்கத்தில் இருந்தால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கன்னியம்மாள் சொம்பை நீட்டினாள்.

"இன்னா, இன்னிக்கு யாரை சந்தேகப்பட்டே?"

யாரையும் இல்லை என்றேன். அவள் சொம்பை விடாமல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.